கொரியப் பழமொழிகளும் நம் ஊர்ப் பழமொழிகளும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுடையது. ஏரியும் வயலும் பனந்தோப்பும் கற்குன்றுகளும் மாறி மாறித் தோன்றி, முடிவில் நீலக்கடல் கண்முன் விரியும். இச்சாலையில் ஓடும் பேருந்தில் ஏறி, ஒரு மூலையில் பேசாமல் அமர்ந்து, பிறர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே செல்வோமாயின், வழிநெடுகப் பழமொழிகள் நம் காதில் விழும். மழை பொய்த்ததைப் பற்றிப் பேசும் உழவர் ஒரு பழமொழி சொல்வார். மீன்கூடையுடன் ஏறும் மூதாட்டி நடத்துநரோடு வழக்காடும்போது ஒன்று சொல்வார். தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கிய மகனைத் தாய் இடித்துரைக்கும்போது இரண்டு மூன்று சேர்ந்தே வரும். அவற்றைச் சொல்வோர் எவரும் தாம் இலக்கியம் பேசுவதாக எண்ணுவதில்லை. மூச்சு விடுவதுபோல் இயல்பாகச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவர்.

நம் பழமொழிகளை நாள்தோறும் கேட்டுப் பழகிவிட்டமையால் அவற்றின் அருமை நமக்குத் தெரிவதில்லை. வேறொரு நாட்டார் தம் பழமொழியைச் சொல்லி அதன் பொருளையும் விளக்கும்போதுதான், 'இதைப் போன்று நம்மிடமும் ஒன்று உண்டே!' என்று வியந்து திரும்பிப் பார்க்கிறோம். அவ்வாறு திரும்பிப் பார்ப்பதற்கு நம் பகுதியில் ஒரு நல்ல வாய்ப்புக் கிட்டியுள்ளது. 1996ஆம் ஆண்டில், திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் மோட்டார் வண்டித் தொழிற்சாலை ஒன்றை அமைக்கத் தொடங்கியது. 1998இல் அங்கிருந்து முதல் வண்டிகள் வெளிவந்தன. அந்நிலம் அப்போது பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1997இல் அம்மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019இல் செங்கற்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. பெரிய தொழிற்சாலையைத் தொடர்ந்து, வண்டிக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்யும் கொரிய நிறுவனங்கள் பல வந்தன. அவற்றோடு கொரியக் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. சென்னையில் 2006இல் தோன்றிய இந்திய–கொரியப் பண்பாட்டு மையத்தில் நம் இளைஞர் பலர் கொரிய மொழி பயின்றுள்ளனர். ஒரே தொழிற்சாலையில், ஒரே உணவுக்கூடத்தில், இருநாட்டு மக்கள் கூடும்போது அவரவர் பழமொழிகளும் உடன்வருவது இயல்பேயாகும்.

கொரிய மொழியில் பழமொழியைச் 'சொக்தாம்' என்பர். 'சொக்' என்னும் பகுதி பொதுமக்களைச் சார்ந்தது என்றும், 'தாம்' என்னும் பகுதி பேச்சு என்றும் பொருள்படும். நாம் பழமொழி என்று கூறி அதன் பழமையைச் சுட்டுகிறோம். அவர்களோ அதைப் பேசுகின்ற மக்களைச் சுட்டுகின்றனர். இரண்டும் பொருத்தமான பெயர்களே. நம் முன்னோர், மக்கள் நாவில் வழங்கிய இச்சொற்களைப் புறக்கணித்தவரல்லர். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய பழமொழி நானூறு, பாட்டுக்கு ஒரு பழமொழியாகத் தொடுத்து மூன்றுறை அரையனார் இயற்றியது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

முதலில், கேட்டவுடனே நம்முடையவை என்று தோன்றும் சில கொரியப் பழமொழிகளைப் பார்ப்போம். தான் அறிந்த சிறு வட்டமே உலகம் என்று எண்ணுபவனைக் கொரியர் 'கிணற்றினுள் இருக்கும் தவளை' என்பர். இதற்கு விளக்கமே வேண்டுவதில்லை. நாமும் அவனைக் கிணற்றுத் தவளை என்றே அழைக்கிறோம். 'மூன்று வயதுப் பழக்கம் எண்பது வயது வரை செல்லும்' என்பது அவர்கள் கூற்று. 'தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பது நம் கூற்று. இங்கே ஒரு சிறு வேடிக்கை உண்டு. கொரியர் நெடுங்காலமாகக் குழந்தை பிறந்தவுடனேயே அதற்கு ஒரு வயது என்று கணக்கிட்டு வந்தனர். புத்தாண்டு தோறும் ஒரு வயது கூடும். 2023இல்தான் பிறந்தநாளைக் கொண்டு வயதைக் கணக்கிடும் முறையைச் சட்டத்தால் பொதுவாக்கினர். எனவே பழமொழி கூறும் மூன்று வயதுக் குழந்தை நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டு வயதுக் குழந்தையே. அஃதாவது, தொட்டிலுக்கு இன்னும் அருகில் உள்ளது!

'பகற்பேச்சைப் பறவை கேட்கும். இரவுப் பேச்சை எலி கேட்கும்' என்பது மற்றொன்று. பிறரைப் பற்றி மறைவாகப் பேசுவோரை எச்சரிக்கும் மொழி இது. 'பகலில் பக்கம் பார்த்துப் பேசு. இரவில் அதுவும் பேசாதே' என்று நாம் சொல்வதோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். பொருள் ஒன்றே. ஆனால் நம்முடையது கட்டளையாக வருகிறது. அவர்களுடையது ஓவியமாக வருகிறது. கூரை வீட்டின் இறப்பில் அமர்ந்த குருவியும், இரவில் உத்தரத்தின்மேல் ஓடும் எலியும் நம் கண்முன் தோன்றுகின்றன அல்லவா?

பொருள் ஒன்றாக இருந்தும் உருவம் வேறாக இருப்பதற்குப் பெரும்பாலும் நிலமே காரணம். கொரியாவில் பழங்காலத்து ஆடவர் குதிரைமயிரால் பின்னிய அகன்ற தொப்பியை அணிந்து, அதன் கயிற்றை முகவாயின்கீழ் முடிந்துகொள்வர். 'பிளம் மரத்தின் கீழே நின்று தொப்பியைச் சரிசெய்யாதே' என்பது அவர்கள் பழமொழி. தொப்பியைச் சரிசெய்யக் கையை உயர்த்தினால், தொலைவிலிருந்து பார்ப்பவன் கனியைப் பறிப்பதாக எண்ணுவான். குற்றமில்லாதவன் திருடன் என்னும் பெயரை ஏற்பான். செங்கற்பட்டுச் சீமையில் பிளம் மரம் ஏது? இங்கே ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் நிற்பவை பனைகள். ஆகவே நம் மூதாதையர், 'பனைமரத்தின் கீழே நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பர்' என்றனர். கனி கள்ளாயிற்று, தொப்பி பாற்குவளையாயிற்று, ஊர்வாய்க்கு அஞ்சும் அச்சம் மட்டும் மாறவில்லை. ஆனால் இவ்விரு மொழிகளையும் கூர்ந்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். கொரிய மொழி, நடப்பவனை நோக்கி 'அவ்வாறு செய்யாதே' என்கிறது. நம் மொழியோ பழிசொல்வோரையும் சேர்த்தே குத்திக்காட்டுகிறது. பால் குடித்தவன் பால்தான் குடித்தான். அதைக் கள் என்பவர் கண்ணில்தான் குறை.

மாமல்லபுரத்திற்கு வந்துவிட்டோமாயின், இன்னொரு சோடியைக் காணலாம். கொரிய நாட்டின் பெரும்பகுதி மலையும் காடும் ஆகும். விடாமுயற்சியைக் குறிக்க அவர்கள், 'பத்து முறை வெட்டியும் விழாத மரம் இல்லை' என்பர். நாம், 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்கிறோம். அவர்களுக்கு மரம், நமக்குக் கல். மாமல்லபுரத்தில் நிற்பவனுக்கு இவ்வேறுபாட்டின் பொருள் நன்கு விளங்கும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பியர் உளியும் சுத்தியலும் கொண்டு குன்றையே கோயிலாக்கினர். பாதியில் நின்றுபோன பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் பார்த்தால், அவர்கள் வேலைசெய்த முறை தெரியும். நிறைவுறாத குகைகளில், பாறையின் முகத்தில் கோடுபோல் பள்ளங்களை வெட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, இடையில் நின்ற கல்லைத் தட்டித்தட்டி எடுத்த தடம் இன்றும் உள்ளது. ஓர் அடியில் பெயர்வது ஒரு சிறு சில்லே. அத்தகைய சில்லுகள் எத்தனை இலட்சம் பெயர்ந்தபின் ஒரு யானை உருவம் தோன்றியிருக்கும்! 1957இல் அங்கே தொடங்கப்பெற்ற சிற்பப் பயிற்சி நிலையம் வளர்ந்து அரசுக் கல்லூரியாக விளங்குகிறது. ஊருக்குள் நுழையும் சாலையோரப் பட்டறைகளில் உளியின் ஓசையை எவரும் கேட்கலாம். அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அம்மி நகரும் என்பது உவமையன்று, கண்ட செய்தி.

ஆயினும் இப்பழமொழியை எங்கும் எப்போதும் பயன்படுத்தலாமா? கொரியாவில் இதைப் பற்றி ஒரு விவாதமே எழுந்தது. ஒரு பெண் விருப்பமில்லை என்று மறுத்த பின்னும் அவளைத் தொடர்ந்து சென்று வற்புறுத்துவோர், பத்து முறை வெட்டினால் விழாத மரம் இல்லை என்று தம் செயலுக்கு இப்பழமொழியைத் துணைக்கு அழைத்தனர். மனிதர் மரமல்லர் என்று பலர் கண்டித்தனர். விரும்பாதவரைத் தொடர்ந்து சென்று அச்சுறுத்துதல் குற்றமெனத் தனிச்சட்டமே அந்நாட்டில் 2021இல் இயற்றப்பட்டது. கல்லின்மேல் விழும் அடிக்கு உரிய புகழை மனத்தின்மேல் விழும் அடிக்கு அளித்தல் தகாது. பழமொழி பழையது என்பதனாலேயே அதைச் சொல்பவன் சொல்வதெல்லாம் நேர்மையாகிவிடாது.

மாமல்லபுரத்திற்கு வடக்கே ஐந்து கிலோமீட்டர் அளவில் சாளுவன்குப்பம் உள்ளது. அங்கே 'புலிக்குகை' என்று மக்கள் அழைக்கும் பல்லவர் காலத்துக் குடைவரை ஒன்று உண்டு. வாயிலைச் சுற்றிச் செதுக்கப்பட்டவை புலி முகங்கள் அல்ல, யாளி முகங்கள் என்பது வேறு செய்தி. புலியைப் பற்றிப் பேசினோம். கொரியரிடமும் ஒரு புலி உண்டு. ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து நின்றால், 'தன்னைப் பற்றிப் பேசினால் புலியும் வரும்' என்பர். நாம் அவ்வாறு வந்தவரை நோக்கி, 'உமக்கு ஆயுள் நூறு' என்று வாழ்த்துகிறோம். வந்தவர் எதைக் கேட்டிருப்பாரோ என்னும் நம் திகைப்பை அந்த வாழ்த்து எவ்வளவு நயமாக மறைத்துவிடுகிறது!

அப்புலிக்குகையைக் காணப் பல ஆண்டுகளாக மக்கள் வந்து சென்றனர். அதற்குச் சிறிது தொலைவிலேயே மணலுக்கடியில் ஒரு பழைய முருகன் கோயில் புதைந்து கிடந்ததை எவரும் அறியவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை கரைமணலை அரித்துச் சென்றபோது, ஒரு பாறையிலிருந்த கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவை அங்கே முருகன் கோயில் இருந்ததைக் குறித்தமையால், இந்தியத் தொல்லியல் துறையினர் 2005இல் அகழத் தொடங்கினர். செங்கற்களாற் கட்டிய கோயிலின் அடித்தளமும், கல்லாலான வேலும் கிடைத்தன. அருகிலிருப்பதை அறியாத நிலையைக் கொரியர், 'விளக்கின் அடியில் இருள்' என்பர். கடலில் நெடுந்தொலைவுக்கு ஒளி வீசும் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தின் காலடியில் நின்று இரவில் பார்த்தவர்க்கு இம்மொழியின் உண்மை தெரியும். வீட்டில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எங்கும் தேடும் தாத்தாவுக்கும் இது பொருந்தும்.

அந்தப் பேரலை ஒரு கோயிலைக் காட்டியது. ஆனால் அது கொண்டு சென்றவை எத்தனை! இங்கே, யாவரும் அறிந்த ஒரு கொரியப் பழமொழியைச் சற்று நின்று ஆராய வேண்டியுள்ளது. 'மாட்டை இழந்தபின் தொழுவத்தைச் சரிசெய்வது' என்பது அது. பண்டைக் கொரிய உழவனுக்கு மாடே பெருஞ்செல்வம். அது ஏரையும் வண்டியையும் இழுக்கும். தொழுவத்தின் சுவரில் ஓட்டை இருப்பதை அறிந்தும் சோம்பியிருந்து, மாடு காணாமற்போன மறுநாள் மண்ணைக் குழைத்துக்கொண்டு சுவரருகே நிற்பவனைப் பார்த்து ஊர் நகைக்கிறது. நாம் இவனைப் பார்த்து, 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?' என்போம். 'வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்' என்று முன்னதாகவே சொல்லும் மொழியும் நம்மிடம் உண்டு.

ஏரிகள் மலிந்த செங்கற்பட்டுப் பகுதியில் இரண்டாவது பழமொழி வெறும் சொல்லன்று. மதுராந்தகத்து ஏரியின் கரை உடையாமல் இராமனே காத்தான் என்று ஆங்கிலக் கும்பினிக் காலத்துக் கலெக்டர் லயனல் பிளேசை வைத்து ஒரு கதை வழங்குவதும், அங்குள்ள இறைவன் 'ஏரி காத்த ராமர்' என்று பெயர் பெற்றதும் நீங்கள் கேட்டவையே. கரை உடைந்தால் ஊர் இல்லை என்னும் அச்சமே அக்கதையின் வேர். மழைக்காலத்திற்கு முன் வரத்துக் கால்வாயைத் தூர்வாரி, மதகைச் செப்பனிட்டு, கரையின் எலிவளைகளை அடைக்கும் வேலையை நம்மவர் குடிமராமத்து என்றனர். அது தளர்ந்தால் என்ன நேரும் என்பதை 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழை காட்டியது. முடிச்சூர் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மக்கள் படகில் ஏறி வெளியேறினர். அதன்பின் கால்வாய்கள் அகலப்படுத்தப்பட்டன. 'மாடு போனபின் தொழுவம்' என்று எவரேனும் சொல்லியிருந்தால் அதில் தவறு காண இயலாது.

ஆனால் இதே சொல்லை மாமல்லபுரத்துக் கரையில் சொல்லிப் பாருங்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 காலை, சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. அலை தமிழகக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஓர் ஊரைக் காலி செய்வதற்கு அந்நேரம் போதும். ஆனால் இந்துமாக்கடலுக்கு அலையெச்சரிக்கை ஏற்பாடு எதுவும் அப்போது இல்லை, கரையிலிருந்தோர்க்குச் சொல்வாரில்லை. தொழுவத்தில் ஓட்டை இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. தெரியாதவரைப் பார்த்து, படகையும் வலையையும் வீட்டையும் பிள்ளையையும் இழந்து நிற்பவரைப் பார்த்து இப்பழமொழியைச் சொல்பவன் அறிவுரை கூறுகிறவன் அல்லன். புண்ணில் வேல் பாய்ச்சுகிறவன்.

மேலும், தொழுவத்தைச் சரிசெய்தவன் உண்மையிலேயே அறிவிலியா? 2007இல் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அருகே மீண்டும் பெரிய நில அதிர்ச்சி நேர்ந்தது. இம்முறை எச்சரிக்கை வந்தது. நம் கடற்கரையில் மக்கள் மேட்டுநிலத்திற்கு நகர்ந்தனர். நல்வேளையாகப் பேரலை எழவில்லை, எச்சரிக்கையும் விலக்கிக்கொள்ளப்பட்டது. முதல் மாடு போயிற்று. ஆனால் தொழுவத்தில் இன்னும் மாடுகள் உள்ளன. பழமொழி நகைத்த உழவன், மண்ணைக் குழைத்துச் சுவரை அடைத்தது அந்த மாடுகளுக்காக என்று கொண்டால், நகைத்த ஊரே தலைகுனிய வேண்டியிருக்கும். அதே பழமொழி; முடிச்சூரில் ஒரு பொருள், மாமல்லபுரத்துக் கரையில் வேறொரு பொருள்.

ஆகவே பழமொழியைக் கற்பவன் அதன் சொற்பொருளை மட்டும் கற்றால் போதாது. யார், யாரிடம், எப்போது சொன்னார் என்பதையும் கற்க வேண்டும். கொரியர் பேச்சில் மூத்தோர், இளையோர் என்னும் வேறுபாட்டை வினைச்சொல்லின் ஈற்றிலேயே காட்டுவர். நாம் 'வா', 'வாருங்கள்' என்று வேறுபடுத்துவது போன்றதே அது. ஒரு முதியவர் இளைஞனைப் பார்த்து, 'குரங்கும் மரத்திலிருந்து விழும்' என்றால், அது ஆறுதல்: 'வல்லவனும் தவறுவான், கவலற்க' என்பது கருத்து. நாம் 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று தோளில் தட்டுவது போன்றது. அதையே தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த இளைஞன், கணக்கில் தவறிய தன் மேலாளரைப் பார்த்துச் சொன்னால் என்னவாகும்? குரங்கு என்னும் சொல் மட்டுமே அவர் காதில் விழும். யானை என்று சொன்னாலும் நிலைமை பெரிதும் மேம்படாது. 'போகும் சொல் அழகாயிருந்தால்தான் வரும் சொல்லும் அழகாயிருக்கும்' என்று கொரியர் கூறுவது இத்தகையோர்க்காகவே போலும். நம் சந்தையிலும் பேருந்திலும் இதையே, 'மரியாதை கொடுத்து மரியாதை வாங்கு' என்று சற்றுச் சூடாகச் சொல்வர்.

இனி, நம் மொழியில் இதற்கு நேரானது இது என்று எளிதிற் காட்ட இயலாத ஒரு கொரியப் பழமொழி. 'திமிங்கலங்கள் போரிட்டால் இறாலின் முதுகு உடையும்.' கடற்கரையார் அனைவர்க்கும் இது உடனே விளங்கும். மாமல்லபுரத்துக் கரையில் வலையை உதறும்போது துள்ளிவிழும் இறாலைப் பார்த்திருப்பீர்கள். வளைந்த முதுகும் மெல்லிய ஓடும் கொண்ட சிற்றுயிர். அதற்குத் திமிங்கலத்தோடு பகையும் இல்லை, உறவும் இல்லை. இருப்பினும் இரு பெரியவை மோதும் இடத்தில் அது இருந்துவிட்டது; அதுவே அதன் குற்றம். தாயும் தந்தையும் சண்டையிடும் வீட்டில் மூலையில் ஒடுங்கி நிற்கும் குழந்தையையும், இரு மேலாளரின் போட்டியில் வேலையை இழக்கும் தொழிலாளியையும் கொரியர் இச்சொல்லால் குறிப்பர்.

இப்பழமொழியை அவர்கள் தம் நாட்டுக்கே சொல்லிக்கொள்வதும் உண்டு. 1894இல் சீனாவும் சப்பானும் கொரியாவுக்காகப் போரிட்டன. 1904இல் இரசியாவும் சப்பானும் போரிட்டன. 1910இல் கொரியா சப்பானின் ஆட்சிக்குள் சென்றது. 1945இல் அவ்வாட்சி நீங்கியபோது, நாடு வடக்கென்றும் தெற்கென்றும் இரண்டாகப் பிளந்தது. 1950ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் தொடங்கிய போர், 1953 சூலை 27ஆம் நாள் கையெழுத்தான உடன்பாட்டால் நின்றது. அப்போரில் நம் நாடு எப்பக்கமும் படைக்கருவி ஏந்தவில்லை. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் 60ஆம் பாராசூட் மருத்துவப் பிரிவை அனுப்பி, காயமுற்றோர்க்கு மருத்துவம் செய்வித்தது. போர் நின்றபின், தம் நாட்டுக்குத் திரும்ப விரும்பாத போர்க்கைதிகளைக் காக்கும் பொறுப்பும் இந்தியப் படையினரிடம் அளிக்கப்பட்டது. அதற்கான நடுநிலை நாடுகளின் குழுவுக்குத் தளபதி திம்மய்யா தலைவரானார்.

அக்கைதிகளுள் வடக்கும் வேண்டா, தெற்கும் வேண்டா என்று கூறிய சிலர் இருந்தனர். பெரும்பாலோர் கொரியர், சிலர் சீனர். மொத்தம் 88 பேர். அவர்கள் இந்தியப் படையினரோடு கப்பலேறி, 1954 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை எழுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, இவ்வாறு கொரியர் நம் கரையில் அடிவைத்தனர். அவர்களிடம் தொழிற்சாலையும் இல்லை, குடும்பமும் இல்லை. பிறந்த மண்ணுக்குத் திரும்பும் வழியும் இல்லை. அவர்களுள் பலர் பின்னர்ப் பிரேசில், அர்ஜென்டினா ஆகிய நாடுகளுக்குச் சென்றனர். ஒரு சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டனர். இத்தகைய கைதி ஒருவனைத் தலைவனாகக் கொண்டு சோ இன்-ஹுன் என்னும் எழுத்தாளர் 1960இல் எழுதிய 'சதுக்கம்' என்னும் நாவல் கொரியாவில் பெரிதும் போற்றப்படுகிறது. இறாலின் முதுகு என்னும் சொல்லைக் கேட்கும்போது, சென்னைத் துறைமுகப் படியில் மூட்டையுடன் நின்ற அம்மனிதர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இறுதியாக, இலேசான ஒரு பழமொழி. பள்ளிச் சுற்றுலாவில் மாமல்லபுரத்திற்கு வந்த மாணவர் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அருச்சுனன் தவம் என்று வழங்கும் பெரும்பாறையின்முன் ஆசிரியர் நின்று, யானைகளையும், தவமிருக்கும் பூனையையும், பாறைப் பிளவில் நெளியும் நாகரையும் காட்டி விளக்குவார். பின்வரிசையிலுள்ள மாணவரின் கண்களோ புளியோதரைத் தூக்குவாளியின்மேல் இருக்கும். 'பசி வந்தால் பத்தும் பறக்கும்' என்று ஆசிரியரே சிரித்து முதலில் உண்ணச் சொல்வார். இந்நிலையில் கொரியர், 'கும்காங் மலையும் உண்ட பின்னரே காட்சி' என்பர். கும்காங் என்பது அவர்கள் நாட்டிலேயே மிக அழகியதென்று புலவரும் ஓவியரும் போற்றிய மலை; கூர்ஞ்சிகரங்களும் அருவிகளும் நிறைந்தது. அத்தகைய மலையே ஆனாலும் வெறும் வயிற்றோடு பார்த்தால் சுவைக்காது என்பது கருத்து. கொரியாவில் உணவு நேரம் நெருங்கும்போது இதைச் சொல்லாதார் இல்லை.

அந்த மலை இப்போது வடகொரியாவில் உள்ளது. 1998இல் தென்கொரியர் அங்குச் சென்று பார்க்க வழி திறந்தது. 2008இல் அது மூடப்பட்டது. நம் பகுதியில் பணிசெய்ய வந்த தென்கொரியர், தம் உணவுக்கூடத்தில் மேசைமுன் அமரும்போதெல்லாம் 'கும்காங் மலையும் உண்ட பின்னரே' என்று சொல்லிக் கரண்டியை எடுக்கின்றனர். விடுமுறை நாளில் குடும்பத்தோடு மாமல்லபுரம் வந்து, உண்டபின், அருச்சுனன் தவத்தை நெடுநேரம் நின்று பார்க்கின்றனர்.